திருகோணமலைக் கடலில் அலை மின்சாரம்: கொப்பியில் தொடங்கி மிதவை வரை

கடல் அலையில் மின்சாரம் எடுப்பது எப்படி என்று கேட்டு வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கையில் ஒரு மோட்டாரோடுதான் வருவார்கள். பழைய டீவீடீ பிளேயரிலிருந்து கழற்றியதாக இருக்கும், இல்லாவிட்டால் தம்பியின் விளையாட்டுக் காரிலிருந்து. இதை எதனோடு பூட்டுவது என்பதுதான் அவர்களின் கேள்வி. மோட்டாரை லாச்சிக்குள் வைத்துவிட்டு ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போங்கள் என்று சொன்னால் முகம் வாடிவிடும். ஆனாலும் அதைத்தான் சொல்வேன். இந்தத் தொழிலில் கடலைப் பார்க்காமல் கருவி செய்தவர்களின் கருவிகள் கடலுக்கு அடியில்தான் கிடக்கின்றன.

தொடங்க முன்னர் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். வீட்டுக்கு மின்சாரம் வேண்டுமென்றால் கூரையில் சோலார் போடுங்கள். திருகோணமலை வெயிலில் 1 கிலோவாட் சோலார் நாளொன்றுக்கு 4 யூனிட் அளவில் தரும். நீங்களே செய்யும் அலைக் கருவி ஒரு சிவப்பு விளக்கை மினுக்கும், அவ்வளவுதான். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஜப்பானில் யோஷியோ மசுடா என்ற பொறியியலாளர் கப்பல்களுக்கு வழிகாட்டும் மிதவை விளக்குகளை அலையால் எரிய வைக்கத்தான் பாடுபட்டார். 1965 முதல் அப்படிப்பட்ட மிதவைகள் விற்பனைக்கு வந்தன. அலை மின்சாரம் உருப்படியாகப் பயன்பட்ட இடம் ஒரு மிதவையின் உச்சிதான்.

இன்னொன்று. வற்றுப்பெருக்கும் அலையும் வேறு வேறு. நிலவின் இழுவையால் கடல் மட்டம் ஏறி இறங்குவது வற்றுப்பெருக்கு. பிரான்சின் ரான்ஸ் ஆற்று முகத்தில் 1966 முதல் அதில் 240 மெகாவாட் நிலையம் ஓடுகிறது, ஏனென்றால் அங்கே கடல் பல மீற்றர் ஏறி இறங்கும். நம் கரையில் அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதை மறந்துவிடலாம். நமக்கு வேலை காற்று எழுப்பும் அலையோடுதான்.

முதல் படி: எங்கே நிற்பது, எப்போது பார்ப்பது

திருகோணமலை என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது துறைமுகம். அலை தேடுபவருக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. நான்கு பக்கமும் நிலம் சூழ்ந்து அலையே வராமல் இருப்பதால்தானே போர்த்துக்கேயர் முதல் ஆங்கிலேயர் வரை அந்த உள்துறைமுகத்துக்கு அடிபட்டார்கள்! நமக்கு வேண்டியது திறந்த கிழக்குக் கரை: உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி.

கோணேசர் கோயில் மலையடியில் அலை மோதும் சத்தத்தை மேலே நின்று கேட்டிருப்பீர்கள். அதே நேரம் பக்கத்து டச்பே கரையில் பிள்ளைகள் கால் நனைத்துக்கொண்டு நிற்பார்கள். காரணம் இதுதான். ஆழம் குறையும் இடத்தில் அலை வேகம் குறைந்து அந்தப் பக்கம் வளையும். ஆகவே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை நோக்கி அலைச் சக்தி குவியும், குடாவுக்குள் விரிந்து மெலியும். நம் கடலில் கரைக்குப் பக்கத்திலேயே பெரிய ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்றும் ஓடுகிறது. ஒரு கரைத் துண்டுக்கும் அடுத்ததற்கும் அலை வித்தியாசப்படுவதற்கு அதுவும் துணைபோகும். எனவே ஓர் இடத்தில் அளந்ததை அரை மைல் தள்ளி நம்பாதீர்கள்.

காலம் இடத்தைவிட முக்கியம். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில், அதாவது மே முதல் செப்டெம்பர் வரை, காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கடல் குளம்போலக் கிடக்கும், சுற்றுலாக்காரர் வரும் காலமும் அதுதான். வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று பிறந்ததும் கதை மாறும். ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் வரிசையாக வரும், மார்கழி, தையில் அலை ஓயாமல் அடிக்கும். தெற்கே காலி, அம்பாந்தோட்டைப் பக்கத்தில் இந்து சமுத்திரத்தின் நீண்ட அலை கூடிய காலம் வந்துகொண்டிருக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பாதி வருடம் பட்டினி, பாதி வருடம் விருந்து.

சரி, இனி அளவு. கொப்பியில் நான்கு நிரல்கள் போதும்: திகதி, காற்றுத் திசை, அலை நேரம், அலை உயரம்.

அலை நேரம் என்பது ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையில் போகும் நொடிகள். அதை அளக்க அசையாத ஓர் அடையாளம் தேவை. கல், கம்பம், கட்டிய மிதவை எதுவும் ஆகும். ஓர் அலையின் முடி, அதாவது உச்சி, அதைக் கடக்கும்போது கைப்பேசியில் கடிகாரத்தைத் தட்டி, அதைப் பூச்சியம் என்று எண்ணுங்கள். பத்தாவது முடி கடக்கும்போது நிறுத்துங்கள். வந்த நொடிகளைப் பத்தால் வகுத்தால் சரி. முதல் அலையை ஒன்று என்று எண்ணி ஒன்பது இடைவெளியைப் பத்தால் வகுப்பது எல்லாரும் விடும் பிழை, நானும் ஒரு மாதம் விட்டேன்.

உயரத்துக்குக் கருவி வேண்டாம், உங்கள் உடம்பே அளவுகோல். அலை இழுத்து வற்றும் ஓரத்தில் நின்று, உடைய வரும் அலையின் முடி தொடுவானக் கோட்டோடு சரியாக ஒட்டும் வரை முழங்காலை மடித்துத் தாழுங்கள். அந்த நேரத்தில் உங்கள் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, ஏறத்தாழ அதுதான் அலையின் உயரம். நிற்கும்போது, குந்தும்போது, இருக்கும்போது உங்கள் கண் எத்தனை செ.மீ. என்று வீட்டிலேயே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கச்சான் காலத்தில் மணலில் குப்புறப் படுத்தால்தான் சரிவரும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கரையில் உடையும் அலை வெளியே இருந்ததைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும் என்பதால் உங்கள் கணக்கு சற்றுக் கூடவே வரும், அதையும் கொப்பியில் ஒரு மூலையில் எழுதிவையுங்கள்.

முப்பது அலைகளை இப்படிப் பார்த்து, அவற்றில் பெரிய பத்தின் சராசரியை எடுங்கள். கடலியலாளர்கள் "அலை உயரம்" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அனுபவமுள்ள மீனவர் ஒருவர் கடலைப் பார்த்த உடனே சொல்லும் உயரமும் இதற்குக் கிட்ட வரும். நம்பாவிட்டால் கிண்ணியாவிலோ திருக்கடலூரிலோ மீனவர் வாடிக்குப் போய், "இன்றைக்குக் கடல் எவ்வளவு, நானா?", "அலை என்ன மாதிரி, அண்ணை?" என்று கேட்டுவிட்டு உங்கள் கொப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: ஒரு வரிக் கணக்கு

மீற்றரில் எடுத்த உயரத்தை அதே உயரத்தால் பெருக்குங்கள், அதை நொடியில் எடுத்த அலை நேரத்தால் பெருக்குங்கள், பிறகு இரண்டால் வகுங்கள். வருவது ஒரு மீற்றர் நீள அலை முடி சுமந்து வரும் சக்தி, கிலோவாட் கணக்கில். ஆழமான கடலுக்கான சூத்திரம் இது, கரையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. ஆனாலும் தொடங்குவதற்கு இது போதும்.

உதாரணத்துக்கு, ஒரு வைகாசிக் காலையில் 40 செ.மீ. உயரம், 6 நொடி. 0.4 × 0.4 × 6 ÷ 2, அதாவது அரைக் கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு மார்கழி நாளில் 1.5 மீற்றர், 8 நொடி என்றால் 9 கிலோவாட். உயரம் நான்கு மடங்குகூட ஆகவில்லை, சக்தி 19 மடங்கு ஆகிவிட்டது. இனிப் புயல் நாள் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்: 6 மீற்றர், 11 நொடி. மீற்றருக்கு 198 கிலோவாட்!

இந்த மூன்று எண்களையும் கொப்பியின் முன் அட்டையில் எழுதச் சொல்வேன். அரையில் வேலை செய்யும் கருவி 198இல் உடையாமல் இருக்க வேண்டும். அலை மின்சாரத்தின் கஷ்டம் முழுவதும் இந்த ஒரு வசனத்துக்குள் அடங்கும். 1995இல் ஸ்கொட்லாந்துக் கரையில் இறக்கிய ஒஸ்ப்ரே என்ற கருவி சில வாரங்களிலேயே அலையில் சிதைந்தது. 2008இல் போர்த்துக்கல்லில் பாம்புபோல மிதக்கவிட்ட மூன்று பெலாமிஸ் கருவிகள் சில மாதங்களில் கரைக்கு இழுத்து வரப்பட்டன. நம் கரையும் பாதுகாப்பானது ஒன்றுமில்லை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் கரை ஏறியது நம் மாவட்டத்தில்தான்.

மூன்றாம் படி: வாளிக்குள் ஒரு கடல்

அலை பலசாலி, ஆனால் சோம்பேறி. ஆறு நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். மோட்டாரோ நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றினால்தான் மின்சாரம் தரும். இந்த மெதுவை எப்படி வேகமாக்குவது என்பதற்கு மசுடா காற்றை இடையில் வைத்தார். அடி திறந்த ஒரு பெட்டி, பாதி தண்ணீருக்குள். அலை ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று மேலே உள்ள சின்னத் துவாரத்தால் பீறிட்டு வெளியேறும், இறங்கும்போது உள்ளே இழுபடும். அந்தத் துவாரத்தில் விசிறியை வை. தெற்கே திக்வெல்லைப் பக்கத்து ஹும்மானயவில் பாறைத் துவாரத்தால் கடல் ஊதுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

வீட்டில் செய்து பார்க்க ஒரு 20 லீற்றர் பெயின்ற் வாளியும், ஒரு 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தலும் போதும். போத்தலின் அடியை வெட்டி எடுங்கள். வாளியை முக்கால்வாசி நிரப்பி, வெட்டிய வாயைத் தண்ணீருக்குள் பத்து செ.மீ. அமிழ்த்தி, விளிம்பு வெளியே வராமல் மேலும் கீழும் அசையுங்கள். மற்றக் கையின் உள்ளங்கையைப் போத்தல் கழுத்துக்கு மேல் பிடியுங்கள். ஊதும், பிறகு இழுக்கும், மறுபடி ஊதும். உங்கள் போத்தல் 15 செ.மீ. அகலம், கழுத்து 3 செ.மீ. என்றால் பரப்பளவு 25 மடங்கு வித்தியாசம். தண்ணீர் நொடிக்கு 20 செ.மீ. ஏறினால் கழுத்தில் காற்று நொடிக்கு 5 மீற்றர் ஓடும். பல்சக்கரம் ஒன்றுமில்லாமல் வேகம் 25 மடங்கு ஆகிவிட்டது.

இப்போது லாச்சியில் வைத்த மோட்டாரை எடுக்கலாம். கழுத்தின் வாய்க்குள் அரைவாசி இறங்கும் அளவுக்குச் சின்ன விசிறி ஒன்றை அதன் அச்சில் செருகி, கம்பியால் கழுத்துக்கு மேல் தொங்க விடுங்கள். விசிறி ஓரத்துக்கும் கழுத்துச் சுவருக்கும் இடைவெளி கூடினால் காற்று பக்கத்தால் நழுவிவிடும். மோட்டாரின் மின்கம்பி இரண்டையும் மல்டிமீற்றரில் மில்லிவோல்ட் அளவில் வையுங்கள்.

விளக்கைப் பூட்டிவிட்டு எரியவில்லை என்று சலிக்காதீர்கள். நான் அரை நாள் மோட்டார் எரிந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு மல்டிமீற்றரை வைத்தால் 200 மில்லிவோல்ட் காட்டுகிறது, சிவப்பு எல்.ஈ.டிக்கோ 1.8 வோல்ட் அளவிலாவது தேவை. எண் ஆடினாலே வெற்றிதான். நன்றாகக் கவனித்தால் அந்த எண் ஒருமுறை கூட்டல், ஒருமுறை கழித்தல் என்று மாறும். காற்று திசை மாறும்போது விசிறியும் நின்று திரும்பிச் சுற்றுகிறது. நின்று திரும்பும் ஒவ்வொரு தடவையும் நட்டம். 1970களில் பெல்பாஸ்ட் பல்கலைக்கழகத்தில் அலன் வெல்ஸ் இதற்குத் தீர்வு கண்டார். இதழ்களை இரண்டு பக்கமும் ஒரே வடிவில் செய்தால், காற்று எந்தப் பக்கம் வந்தாலும் சக்கரம் ஒரே பக்கம் சுற்றும்.

அதே வாளியைப் பெருப்பித்தால் விழிஞ்ஞம். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்து மீன்பிடித் துறைமுகத்தில் அலையைத் தடுக்கும் சுவரான அலைதாங்கியை ஒட்டி, சென்னை ஐ.ஐ.டி. ஆட்கள் ஒரு பெரிய கொங்கிரீற் பெட்டியை இறக்கி 1991இல் மின்சாரம் எடுத்தார்கள். 150 கிலோவாட் கருவி, வெல்ஸ் சக்கரம்தான். கடலில் இருந்து குடிநீர் பிரிக்கவும் பிற்காலத்தில் அதைப் பயன்படுத்தினார்கள். இன்று அது ஓடவில்லை. ஸ்பெயினின் பாஸ்க் கரையில் உள்ள முத்ரிக்கு என்ற சிற்றூரில் எப்படியும் கட்ட வேண்டியிருந்த அலைதாங்கிக்குள்ளேயே 16 சக்கரங்களை வைத்தார்கள், மொத்தம் 296 கிலோவாட், 2011இல் தொடங்கியது. எனக்குப் பிடித்தது இந்த வழிதான். மின்சாரம் குறைந்தாலும் சுவர் மிஞ்சுமே.

நான்காம் படி: மினுக்கும் மிதவை

வாளி வேலை முடிந்தால்தான் இதற்கு வர வேண்டும். வலை மிதவையில் கட்டும் அளவு சிவப்பு விளக்கு ஒன்று, பற்றரி இல்லாமல்.

தேவையானவை: 25 மி.மீ. பீ.வீ.சீ. பைப் 30 செ.மீ., அதற்கு இரண்டு மூடி, அதற்குள் தடையில்லாமல் ஓடக்கூடிய 20 மி.மீ. நியோடிமியம் வட்டக் காந்தம் நான்கு, மோட்டார் சுற்றும் கடையில் 0.25 மி.மீ. செப்புக் கம்பி 100 கிராம், சிவப்பு எல்.ஈ.டி. இரண்டு. நாலு காந்தத்தையும் ஒன்றாக ஒட்டவிட்டால் ஒரு கட்டை கிடைக்கும். விரலை இடையில் விடாதீர்கள், கன்றிப்போகும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் காந்தத்தைப் பூட்டி வையுங்கள். இரண்டை விழுங்கினால் குடலை நசித்துக்கொண்டு ஒட்டும், உயிராபத்து.

பைப்பின் நடுவில் மூன்று செ.மீ. அகலத்துக்குள் ஆயிரம் சுற்று. ஐம்பதுக்கு ஒருமுறை பேப்பரில் கோடு போட்டுக்கொண்டு சுற்றுங்கள், இடையில் யாரோடும் கதைக்க வேண்டாம். முடிந்ததும் கம்பியின் இரண்டு முனையையும் பிளேட்டால் சுரண்டுங்கள். அந்தக் கம்பிக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் இருக்கிறது. அது போகாமல் முறுக்கினால் மின்சாரம் பாயாது, நீங்கள் காந்தத்தைத்தான் குறை சொல்வீர்கள். எல்.ஈ.டி. இரண்டையும் ஒன்றின் நீளக் கால் மற்றதன் குட்டைக் காலோடு வரும்படி எதிரும் புதிருமாகச் சேர்த்துச் சுருளில் பூட்டுங்கள். மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோட்டு தனியாக வேண்டாம். காந்தம் இப்படிப் போகையிலும் அப்படிப் போகையிலும் மாறி மாறி மினுக்கும். பைப்பின் இரண்டு முனைக்குள்ளும் ஸ்பொஞ்சுத் துண்டு வைத்து மூடுங்கள். அலுமினியப் பைப்பை எடுத்துவிடாதீர்கள், அதற்குள் காந்தம் தேனுக்குள் விழுந்ததுபோல ஊரும்.

பைப்பைக் கையில் பிடித்துச் சரியுங்கள். காந்தம் சறுக்கிச் சுருளைக் கடக்கும்போது ஒரு மினுக்கம். காந்தத்தை ஓட்டுவது புவியீர்ப்பு. அலை எவ்வளவு மெதுவாக இருந்தாலும் சரிவு போதுமானால் காந்தம் கெதியாகத்தான் ஓடும்.

பிறகு ரெசின் பூசுங்கள். ஃபைபர் போட் திருத்தும் ஆட்களிடம் மிச்ச ரெசின் இருக்கும், பூசும் விதத்தையும் அவர்களே காட்டித் தருவார்கள். சுருள், இணைப்பு, எல்.ஈ.டி. கால் எல்லாம் அதற்குள் மூழ்க வேண்டும். காந்தத்தின் மேற்பூச்சு கீறுப்பட்டு உப்புத் தண்ணீர் பட்டால் ஒரு வாரத்தில் துருவாக உதிரும். இரண்டு விதமான உலோகத்தை ஒன்றோடொன்று தொடும்படி பூட்டினால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். முடிந்தவரை ஆணியே இல்லாமல் கயிற்றால் கட்டுங்கள்.

வெறும் 5 லீற்றர் கான் இரண்டை இறுக மூடி, முனைக்கு முனை கட்டி, மேலே பைப்பை நீளவாக்கில் வைத்துக் கட்டினால் மிதவை தயார். நங்கூரக் கயிற்றை நடுவில் கட்ட வேண்டாம், ஒரு நுனியில் கட்டுங்கள். ஏனென்று கணக்கே சொல்லும். 6 நொடி அலையின் ஒரு முடிக்கும் அடுத்த முடிக்கும் ஆழ்கடலில் 56 மீற்றர். 28 மீற்றர் தூரத்தில் 40 செ.மீ. ஏறும் தார் ரோட்டில் சைக்கிள் ஓடினால் மேடு என்றே தெரியாது. உங்கள் மிதவைக்கும் அப்படித்தான், நீண்ட அலை அதைச் சும்மா தூக்கி இறக்கும், சரிக்காது. கயிறு ஒரு நுனியை இழுத்துப் பிடித்தால்தான் மற்ற நுனி தூக்கிக்கொண்டு சரிவு கிடைக்கும். காற்றில் எழும் குறுகிய சிலுசிலுப்பு அலையில் நன்றாக மினுக்கும்.

ஐந்தாம் படி: கடலில் இறக்குவது

உயர் நீர் மட்டத்திலிருந்து தரைப் பக்கம் 300 மீற்றரும், தாழ் நீர் மட்டத்திலிருந்து கடல் பக்கம் 2 கிலோமீற்றரும் சட்டப்படி கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின்படி அதற்குள் எதையும் கட்டி எழுப்புவதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். ஒரு நாள் பரிசோதனைக்கு விடும் இரண்டு கானுக்கும் முன்கூட்டியே கரையோரம் பேணல் திணைக்களத்தில் கேட்டுவிடுவது நல்லது. துறைமுக எல்லை, கடற்படைப் பகுதி, கோயில் மலையடி மூன்றையும் நினைக்கவே வேண்டாம். புறாத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கே கல்லைப் போட்டால் முருகைக்கல் உடையும்.

அதைவிட முக்கியம், ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில் கேட்பது. கரைவலை இழுக்கும் இடமான பாடு எங்கிருந்து எங்கே வரை என்று வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியாரைத்தான் கேட்க வேண்டும். அவருடைய வலையின் மடியில் உங்கள் நங்கூரம் சிக்கினால் உங்கள் விஞ்ஞானத்தை யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டுவிட்டுப் போனால் போட்டில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கியும் தருவார்கள்.

மாசி, பங்குனி நல்ல காலம். வாடையின் மூர்க்கம் தணிந்திருக்கும், அலை முற்றாகச் செத்திருக்காது. மூன்று, நான்கு மீற்றர் ஆழம், பழைய பெயின்ற் ரின்னில் வார்த்த கொங்கிரீற் கட்டி, ஆழத்தைப்போல மூன்று மடங்கு கயிறு. கயிறு கானில் உரசும் இடத்தில் ஒரு துண்டுத் தண்ணீர் ஹோஸைப் போட்டுவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள், உயிர்காப்பு அங்கி இல்லாமலும் போகாதீர்கள். கச்சான் தொடங்கிவிட்டால் கடல் அமைதியாகத் தெரியும், அதை நம்பி மிதவைக்குப் பின்னால் நீந்த வேண்டாம். காற்று மிதவையையும் உங்களையும் வெளியேதான் தள்ளும்.

இருட்டியதும் கரையில் இருந்து பத்து நிமிடத்தில் எத்தனை மினுக்கம் என்று எண்ணி, அன்றைய அலை நேரத்துக்கும் உயரத்துக்கும் பக்கத்தில் எழுதுங்கள். கொப்பியில் ஐந்தாவது நிரல் இப்போதுதான் வருகிறது.

விளக்கு நின்றுவிட்டால் முதலில் மூடிக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு சுரண்டிய முனை, கடைசியாகத்தான் காந்தம். வாரம் ஒருமுறை மேலே எடுத்துப் பாசியையும் சிப்பியையும் சுரண்டுங்கள், விட்டால் பாரம் ஏறி மிதவை அமிழும். புரட்டாதி முடிய முன்னர் எல்லாவற்றையும் கரைக்கு எடுத்துவிட வேண்டும், மிதவையோடு கயிற்றையும் கட்டியையும் சேர்த்துத்தான். கடலுக்கு அடியில் விட்ட கயிறு என்றாவது ஒருநாள் யாருடைய எஞ்சின் காற்றாடியிலாவது சுற்றிக்கொள்ளும்.